எண்ணூருக்குப் போன பதினாலு ஓட்டு

தேர்தலில் தோற்றவரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவருக்கு என்ன? மூன்று நாள் வீட்டுக்குள் இருப்பார், நாலாம் நாள் சவரம் செய்துகொண்டு வெளியே வருவார், ஐந்தாம் நாள் ஜெயித்தவரின் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். நான் சொல்ல வந்தது தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவரைப் பற்றி. அதுவும் பெரிய தேர்தலில் அல்ல. சொந்தச் சங்கத்துக்குள்ளேயே, 'நம் தரப்பில் யாரை நிறுத்துவது' என்று முதலில் ஒரு சின்னத் தேர்தல் நடக்குமே, அதில் தோற்றவருக்கு ஓட்டுப் போட்டவர். இந்த ஜீவனுக்குக் காயம் ஆறுவதே இல்லை. ஆறவிடவும் மாட்டார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "நான் சங்கத்துக்கு விரோதி இல்லை" என்று ஆரம்பிப்பார். விரோதி இல்லாத யாராவது அப்படி ஆரம்பித்து நீங்கள் கேட்டதுண்டா? அடுத்தபடி, "எனக்கு யார் மேலும் கோபம் இல்லை" என்பார். சொல்லும்போது எதிரில் இருப்பவர் வெற்றிலைப் பெட்டியை அவர் கை எட்டி வீசாதபடி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடைசியாக, "ஜெயிக்கட்டும், பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் ராயபுரத்தில் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி, கயிற்றுக் கடை ஜெயவேல். படகுகளுக்குக் கயிறு விற்பவர். நல்ல மனிதர், கயிற்றின் நீளத்தில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் கிடங்கு. உப்புத் தடவிய பச்சைத் தோல்களை மலைபோல அடுக்கி, கப்பல் வரும்வரை வைத்திருப்பார்கள். கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்துக்குத் தெரிவதற்கு முன் எங்கள் மூக்குக்குத் தெரியும். ஜெயவேலின் ஒரே மகள் அம்மு, திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள், ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீடு வந்தாள். இரண்டு நாள் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, "அந்தக் கெடங்கு போனா வரேம்மா" என்று அழுதுகொண்டே திரும்பிப் போனாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் திரும்பிப் போவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. எங்கள் டிவிஷனில் தோல் கிடங்கு முதலாளியே கௌன்சிலர் பதவிக்கு நின்றார். கிடங்கின் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிவதால் அவருக்குத் திடீரென்று பொதுஜன சேவையில் நாட்டம் பிறந்திருந்தது. அவரை எதிர்ப்பதற்கென்றே இருந்தது எங்கள் டிவிஷன் ஜன சங்கம். சங்கத்து ஆள் ஒருவர் நின்றால் ஜெயிப்பது நிச்சயம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நம் பக்கம் இருந்தது.

யார் அந்த ஒருவர்? அங்கேதான் வந்தது வினை. இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் சிலுவைமுத்து, சரக்குப் படகுகள் வைத்திருப்பவர், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர் ராசையா, மொத்த அரிசி வியாபாரி, இருபது வருஷத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கிடங்கை அப்புறப்படுத்துவோம் என்று இருவரும் ஒரே வார்த்தையில் சொன்னார்கள். ஒரே வார்த்தையைச் சொல்லும் இரண்டு பேருக்குள் வரும் சண்டை மாதிரி உக்கிரமான சண்டை உலகத்தில் இல்லை.

ஜெயவேல் சிலுவைமுத்துவின் பக்கம். பக்கம் என்றால் சாதாரணப் பக்கமா? என் அச்சுக்கூடத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். 'மூட்டை கட்டி வந்தவர் மூட்டை கட்டிப் போவார்' என்று தொடங்கி, ராசையாவின் அரிசியில் உள்ள கல்லைப் பற்றி ஒரு பாரா எழுதி, தோல் கிடங்கு முதலாளியோடு அவர் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து காப்பி குடித்ததைக் கண்ணால் கண்டவர் உண்டு என்று முடிந்தது.

"கண்டவர் யார்?" என்று கேட்டேன்.

"யாராவது கண்டுருப்பாங்க. ஒரு பெஞ்சிதானே கீது அந்தக் கடையில," என்றார்.

அச்சிட்டேன். என் தொழில் அது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் சங்கத்து அங்கத்தினர்கள் நூற்றுப் பதினைந்து பேரும் சீட்டுப் போட்டார்கள். காரியதரிசி கலீலுல்லா சீட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். ராசையாவுக்கு அறுபத்தொன்று, சிலுவைமுத்துவுக்கு ஐம்பத்துநாலு. "மூணாந்தபா எண்ணு பாய்!" என்று ஜெயவேல் கத்தினார். கலீலுல்லா பெரிய மனது வைத்து மூன்றாம் தடவையும் எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை. ஜெயவேலின் மனமும் மாறவில்லை.

சிலுவைமுத்து எழுந்து போய் ராசையாவைக் கட்டிக்கொண்டார். ஹாலில் கைதட்டல். ஜெயவேல் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம் மூன்று வாரம் அவர் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. அரிசி வாங்க ராசையா கடையை விட்டு வண்ணாரப்பேட்டைக்கு நடந்தார். அறுபத்தொன்றில் ஒருவர் என்று சந்தேகப்பட்டு நாவிதரை மாற்றினார். புது ஆள் காதோரம் கீறிவிட்டதையும் கொள்கைக்காகப் பொறுத்துக்கொண்டார். மச்சானோடு பேச்சை நிறுத்தினார். தோற்ற சிலுவைமுத்துவோ மேடைக்கு மேடை ராசையாவோடு போய், "இவர் என் தம்பி மாதிரி" என்று பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் கயிறு வாங்கக் கடைக்கு வந்த அவரே கேட்டார்:

"இன்னா ஜெயவேலு, ஒரு மீட்டிங்குக்குக் கூட வர்ல?"

"உனுக்காவத்தான் அண்ணாத்தே வர்ல. உனுக்கு பண்ண துரோகத்த என்னால மறக்க முடியாது."

"எனுக்காவ நானே போய்க்கினு கீறேன். நீ இன்னாத்துக்குடா வூட்ல குந்திக்கினு கீறே?"

"நீ பெரிய மன்சன், மறந்துட்ட. நான் மறக்கக் கூடாது."

சிலுவைமுத்து கயிற்றை வாங்கிக்கொண்டு போனார். தன்னைவிடத் தனக்காக வருத்தப்படுகிறவனிடம் மனிதன் என்ன பேச முடியும்?

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு தோல் கிடங்கு முதலாளியின் ஆள் என் அச்சுக்கூடத்துக்கு வந்தான். புதிதாக ஒரு வரி எழுதவில்லை. ஜெயவேலின் பழைய நோட்டீஸை நீட்டினான். "இதையே போடுங்க. மேலே மட்டும் 'அவருடைய சங்கத்தாரே சொல்வது' என்று ஒரு தலைப்பு." சோம்பலினால் நான் அந்த எழுத்துகளைக் கலைக்காமல் கோத்தது கோத்தபடி மூலையில் வைத்திருந்தேன். அரை மணியில் வேலை முடிந்தது. அன்று மாலைக்குள் டிவிஷன் முழுவதும் வாசலுக்கு வாசல் அந்த நோட்டீஸ்.

ராசையா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கயிற்றுக் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என் மேல வருத்தம் இருக்கலாம். தப்பில்ல. ஆனா இது பொய்யின்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஜனங்க நம்புவாக. உங்க மக பிரசவத்துக்கு வரணும்லா?"

ஜெயவேல் நோட்டீஸை வாங்கி முழுவதும் படித்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"ஒரு எழுத்து மாறல," என்றார் என்னைப் பார்த்து. பிறகு ராசையாவிடம், "நான் சங்கத்துக்கு விரோதி இல்ல. எனுக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஜெயிங்க, பாக்கலாம்."

ராசையா நோட்டீஸைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார்.

தேர்தலன்று கிடங்கு முதலாளிக்கு ஓட்டுப் போடும் அளவுக்கு ஜெயவேல் தரம் தாழ்ந்தவர் அல்ல. அவர் கொள்கை வேறு. ஐம்பத்துநாலு பேரில் உறுதியான பதின்மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, காலை ரயிலில் எண்ணூருக்குப் போனார். கழிமுகத்தில் குளித்து, நண்டு வாங்கி, கரையிலேயே அடுப்பு மூட்டி, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். "நாம எதிரிக்கா போட்டோம்? சும்மாதானே குந்திக்கினு கீறோம்," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். குழம்பு பிரமாதம். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பதின்மூன்று பேரில் நானும் ஒருவன்.

சாயங்காலம் திரும்பியபோது ஜெயவேலின் மனைவி பூவம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். வீடு அவள் தகப்பனார் கொடுத்தது. வரி அவள் பேரில்; வரி கட்டுகிறவர்களுக்குத்தானே ஓட்டு. ஆகவே அவளுக்கும் ஒரு ஓட்டு உண்டு. இது ஜெயவேலின் ஞாபகத்திலேயே இல்லை.

"நான் போய் போட்டுட்டு வந்தேன்," என்றாள்.

"யாருக்கு போட்ட?"

"கெடங்க எடுக்கறேன்னு சொன்னவருக்கு."

"சிலுவைமுத்து அண்ணாத்தைக்கு பண்ணது உனுக்கு தெரியாதா?"

"எனுக்கு அம்முவத்தான் தெரியும்," என்று அரிசியைப் புடைத்தாள்.

மறுநாள் முடிவு சொன்னார்கள். கிடங்கு முதலாளி முந்நூற்றுப் பன்னிரண்டு. ராசையா முந்நூற்று மூன்று. ஒன்பது ஓட்டு வித்தியாசம். கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர்கள் அன்று என் முகத்தைப் பார்த்தார்கள்; நான் அச்செழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயவேல் அரை நாள் கடையைத் திறக்கவில்லை. பிற்பகல் திறந்தபோது தெளிவாக இருந்தார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், ராசையா நின்னா ஜெயிக்க முடியாதுன்னு. நம்ம அண்ணாத்தை நின்னுருந்தா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தான் சொன்னது பலித்துவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி. பலிப்பதற்குத் தானும் கொஞ்சம் உழைத்ததை அடக்கத்தினால் சொல்லவில்லை.

அடுத்த மாதம் லைசென்ஸ் விஷயம் வந்தது. டிவிஷன் சார்பில் ஆட்சேபணை சொல்ல வேண்டியவர் கௌன்சிலர். லைசென்ஸ் கேட்டவரும் அவரே. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. கிடங்குக்கு ஜெயவேலின் சுவரை ஒட்டி இன்னொரு கொட்டகை எழும்பியது.

அம்முவுக்குத் திருவொற்றியூரில் மாமியார் வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்தது. ஜெயவேலும் பூவம்மாவும் போனார்கள். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு நானும் போனேன். மாமியார் குப்பம்மா மரியாதை தெரிந்தவள். "ஒங்க வூட்லதான் பொறக்கணும் அண்ணே, மொறை அதான். இன்னா பண்றது, அந்த நாத்தத்துல பச்சப்புள்ளய வச்சிக்கினு..." என்று பாதியில் நிறுத்திக் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

ஜெயவேல் குழந்தையைப் பார்த்தார். "நம்ம சிலுவைமுத்து அண்ணாத்தைய மட்டும் நிறுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மு தகப்பனைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை; களைத்துப்போன பார்வை. அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவர் முடிக்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். திரும்பும் வழியில் ரயில் ஏறியதும் முடித்துவிட்டார்.

வாசகரே, ராயபுரத்தில் இப்படி ஒரு மனிதரா என்று நீங்கள் தலையை ஆட்டுவது தெரிகிறது. ஆட்டுங்கள். அப்படியே இதையும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிலோ, வாசகசாலையிலோ, பஜனைக் கூடத்திலோ நீங்கள் கை தூக்கியவர் ஒருவர் தோற்றிருப்பார். அவர் மறுநாளே அதை மறந்திருப்பார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கூரை ஒழுகியபோது, "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரு புன்னகை செய்தீர்களே, ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு. யார் பார்த்தார்கள் என்கிறீர்களா? யாராவது பார்த்திருப்பார்கள்.