முன்னெழுவார்

மாதா கோயிலுக்குப் போகிறவர்களில் முன்னெழுவார் என்று ஓர் இனம் உண்டு. பார்க்க நம்மைப் போலத்தான் இருப்பார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பதை மற்றவர்களுக்கு அரை நொடி முன்னால் செய்து காட்டுவதே இவர்கள் ஊழியம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களை யாரும் சீந்துவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வரட்டும், அப்போது தெரியும். வருஷத்துக்கொரு முறை வரும் சடங்குகள். மணி அடிப்பதற்குப் பதில் மரக்கட்டை தட்டுவார்கள். நிற்பதா, மண்டியிடுவதா என்று யாருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது? எல்லாக் கண்களும் முதல் பெஞ்சைத்தான் நோக்கும்.

நம் தையற்கடைக்காரர் இந்த இனத்தின் அசல் வித்து. குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டால் அவர் நடையே மாறிவிடும். அளவு கொடுக்க வந்தவரிடம், "வெள்ளிக்கிழமை வருவீங்கல்ல? வந்தா என்னைப் பாத்துக்குங்க, போதும்" என்பார். ஆண்டவரைப் பார்க்க வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லலாமா? அவர் சொன்னார், அவர்களும் அப்படியே செய்தார்கள்.

இந்த வருஷம் ஒரு வில்லங்கம். ஆயுள் முழுக்கத் தையல் மெஷின் மிதித்ததில் வலது முழங்கால் வம்பு பண்ணத் தொடங்கியிருந்தது. மண்டியே போடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"பின்னாடி நாற்காலி போட்டிருக்காங்க. பேசாம அதுல உக்காருங்க" என்றாள் மனைவி, பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம்.

"நான் உக்காந்தா மொத்தக் கோயிலும் உக்காந்துரும்."

வீம்பு மட்டுமல்ல, பயமும்தான். ஒரு தடவை நாற்காலிக்குப் போனவர் யாரும் பெஞ்சுக்குத் திரும்பியதில்லை. இடம் போனால் போனதுதான்.

இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. ஆண்டவர் உயிர்விடும் வரி வந்ததும் எல்லோரும் முழந்தாளிட்டு, சற்று நேரம் மௌனமாக இருந்து, பிறகு எழ வேண்டும். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னெழுவாரின் மொத்தப் பெருமையும் இந்த இடத்தில்தான். தையற்கடைக்காரர் மண்டியிட்டார், கோயிலே மண்டியிட்டது. சற்று நேரம் ஆயிற்று. எழப் பார்த்தார். முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது.

இன்னும் சற்று நேரம் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை.

"இந்த வருஷம் என்ன இவ்வளவு நேரம்?" என்று பின்னால் ஒரு கிசுகிசு.

"புது முறையா இருக்கும். அவருக்குத் தெரியாததா?"

பங்குச் சாமியார் அந்தக் கோயிலுக்குப் புதியவர். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். சனங்கள் அப்படியே கிடந்தார்கள். இங்கே இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று திறந்த கண்ணை மூடிக்கொண்டார். பாடகர் குழுவில் ஓர் அம்மாள் விசும்பத் தொடங்கினாள்; அவளுக்கும் முழங்கால்தானோ என்னவோ. தையற்கடைக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. 'ஆண்டவரே, என்னை எழுப்பிவிடும்' என்று, மூன்றாம் நாள் போட வேண்டிய விண்ணப்பத்தை முதல் நாளே போட்டார்.

இரண்டாவது பெஞ்சிலிருந்த மனைவி, கணவரின் காது சிவந்து வருவதைக் கண்டாள். கோயிலில் ஒரு நாளும் அவருக்கு முன் எழுந்தறியாதவள், எழுந்தாள். அவ்வளவுதான், கோயில் முழுவதும் கடகடவென்று எழுந்தது. சாமியாரும் எழுந்து வாசிப்பைத் தொடர்ந்தார். கீழே மிச்சமிருந்தது ஒரே ஒருவர். தான் இல்லாமலும் இவர்களால் எழ முடிகிறதே என்பது, காலைவிட அதிகமாக வலித்தது.

சிலுவையை முத்தமிடக் கூட்டம் கிளம்பியபோதுதான் இரண்டு பேர் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். "என்ன பக்தி சார் உங்களுக்கு" என்று கண் கலங்கினார் ஒருவர். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டில் தைலம் தேய்க்கும்போது கேட்டார்: "நீ எதுக்கு எழுந்த?"

"கால் வலிச்சுது."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

உயிர்ப்பு ஞாயிறு காலை. முழங்காலில் கட்டோடு அதே பெஞ்சில், அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாசகம் முடிந்து, அந்தத் திருநாளுக்கென்றே உள்ள தொடர்பாடல் என்ற நீண்ட பாட்டு ஆரம்பித்தது. இதற்கு எழுவதா, உட்கார்ந்திருப்பதா என்பது கல்லறை காலியானதைவிடப் பெரிய மர்மம். தையற்கடைக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பொறுக்க முடியாமல் திரும்பினார். அத்தனை கண்களும் இரண்டாவது பெஞ்சின் மேல் இருந்தன.

எழுந்திரு என்று மனைவிக்குக் கண்ணால் கெஞ்சினார். அவள் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தில் நிதானமாக ஒரு பக்கம் புரட்டினாள். பிறகுதான் எழுந்தாள். கோயிலும் எழுந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்காக எழுந்தவள், ஞாயிற்றுக்கிழமை எதற்காக அந்தப் பக்கத்தைப் புரட்டினாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. இந்த வியாதி இப்படித்தான் ஒட்டும்.

எனக்கெல்லாம் ஒட்டாது என்கிறீர்களா? ரொம்ப நல்லது. அடுத்த முறை ஏதாவது ஒரு கூட்டத்தில், கால் மரத்துப்போய் நீங்கள் தற்செயலாக எழுந்து, உங்களைப் பார்த்து நாலு பேர் எழட்டும். நீங்கள் உடனே உட்காருகிறீர்களா என்று பார்ப்போம்.