நோவில்லாத நெஞ்சுக்கே முதல் படம்

உத்திரமேரூர்ச் சீமையில் எதையும் அவசரப்பட்டுத் திறந்துவிடுகிற பழக்கம் கிடையாது. புளிக்கரணை அரசு ஆஸ்பத்திரிக்கு நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்கோ மெஷின் வந்து இறங்கியபோதும் அந்த மரியாதையே நடந்தது. துணி போர்த்தி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஏ.சி. அறையில் உட்கார வைத்தார்கள். நோயாளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வெயிலில் போய் உட்கார்ந்தார்கள்.

விவசாயி கன்னியப்பனுக்குக் கும்பிடு மட்டும் போதவில்லை. ஆடியில் வந்த விஷக்காய்ச்சல் விட்ட பிறகு, வரப்பில் நாலடி வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. பெண்சாதி பவளம் அவரை இழுத்துக்கொண்டு டாக்டர் ஹேமாவதியிடம் வந்தாள்.

"நெஞ்சுக்குள்ள யாரோ நெல்லு குத்திக்கினே கீறாங்க டாக்டரம்மா" என்றார் கன்னியப்பன்.

"காய்ச்சலோட சண்டை போட உங்க உடம்பு ஒரு படையைக் கிளப்பிச்சு. காய்ச்சல் போயிடுச்சு, படை கலையலை. சும்மா இருக்க முடியாம உங்க நெஞ்சையே அடிக்குதுன்னு நினைக்கிறேன். படம் பார்த்தாதான் தெரியும்."

"காவலுக்கு வந்தவன் வூட்டுக்காரனையே அடிக்கிறானா? இது இன்னா நாயம்?"

"நாயத்த அப்பால பேசு. மெஷினு தோ கீதே, எடுங்கம்மா" என்றாள் பவளம்.

டாக்டர் கையை விரித்தார். மெஷினைத் தொடும் அதிகாரம் மாவட்ட நெஞ்சக நல ஒருங்கிணைப்பு அலுவலர் பார்த்திபன் ஒருவருக்கே உண்டு. அந்தப் பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறிப்போகும் டீயைக் குடித்துக்கொண்டு அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கன்னியப்பனும் பவளமும் அங்கே போய் நெல் குத்துகிற கதையை மறுபடி சொன்னார்கள்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள் திருக்கரத்தால் திறந்து வைக்கும் வரை கருவி இயங்காது" என்றார் பார்த்திபன்.

"அப்ப காஞ்சிபுரத்துக்கு எழுதிக் குடுங்க சார்" என்றார் கன்னியப்பன்.

"அதெப்படி? இங்கேயே கருவி இருக்கும்போது வெளியூருக்கு எழுத விதியில்லை."

"மெஷினு கீதா, இல்லியா சார்?"

"வெளியூருக்கு எழுதுவதென்றால் இருக்கிறது. படம் எடுப்பதென்றால் இல்லை."

அதோடு விட்டாரா? திறப்பு விழாவின் திட்டத்தையும் விளக்கினார். முதல் படம் பெரிய திரையில் ஓடும். மாண்புமிகு ரிப்பனை வெட்டியதும் திரையில் ஒரு சீக்கு இதயம் தெரிந்தால் அது சகுனத்துக்கும் ஆகாது, பேப்பருக்கும் ஆகாது. எனவே முதல் இதயம் பழுதற்றதாக இருந்தாக வேண்டும். குடவோலை கண்ட பூமி இது. ஆகவே தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பது என்று முடிவாகியிருந்தது. தகுதிகள்: நெஞ்சு வலி கூடாது, மூச்சிரைப்பு கூடாது, மாத்திரை கூடாது.

"நோவு கீறவனுக்குத்தானே சார் படம்?"

"நோவு இருப்பவருக்குத்தான் நோவு இருப்பது தெரிந்துவிட்டதே! அப்புறம் படம் எதற்கு?"

கன்னியப்பன் யோசித்தார். "எனுக்கு நோவே இல்ல சார்."

"இப்போதுதானே நெல் குத்துகிறது என்றீர்கள்?"

"அது அப்ப. இப்ப நல்லா கீறேன்."

பார்த்திபனுக்கு உள்ளம் பூரித்தது. கருவியைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் பூரண குணமடைந்தார் என்று அன்றே மேலிடத்துக்குத் தகவல் பறந்தது.

பானையில் பெயர் போட உண்மையிலேயே திடமாக இருந்தவர்கள் ஒருவரும் வரவில்லை. வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் பாண்டுரங்கனைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள். "நல்லா ஓடிக்கினு கீற மோட்டார எவனாவது அவுத்துப் பாப்பானா?" என்று அவன் போய்விட்டான். இளைப்பு, படபடப்பு, மயக்கம் இருந்தவர்கள் மட்டும், தங்களைப் போல் கல்லுக்குண்டு ஊரில் இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து பெயர் கொடுத்தார்கள்.

அதற்குள் நெஞ்சுப் படம் ஊரில் நாகரிகமாகிவிட்டது. பியூட்டி பார்லர் அம்முலு 'எக்கோ ஃபேஷியல்' என்று ஒன்றைத் தொடங்கினாள். உள்ளே இருப்பதைப் படம் எடுக்க வெளியே எதற்குப் பூச்சு என்று கேட்டவர்களை அவள் பட்டிக்காடு என்று ஏசினாள். 'புளிக்கரணையின் நாளைய இதயமே!' என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வேட்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். பணிவில் வைத்த கை என்று பார்த்திபன் மெச்சிக்கொண்டார்.

குலுக்கலில் கன்னியப்பன் பெயர் வந்தது. பவளம் பெருமாளுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

விழா நாளில் ரிப்பன் வெட்டுப்பட்டது. சரிகை வேட்டியோடு கன்னியப்பன் படுத்தார். திரையில் அவர் இதயம், சேற்றில் மாட்டிய டிராக்டர் மாதிரி திணறித் திணறி அசைந்தது.

ஹேமாவதி திரைப் பக்கம் ஓடினார். "சார், இது ரொம்பப் பெருசா வீங்கி..."

பார்த்திபன் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "மாவட்டத்திலேயே மிகப் பெரிய இதயம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாண்புமிகு பொன்னாடை போர்த்தி, 'பழுதற்ற இதயம்' என்று சான்றிதழும் கொடுத்தார். இந்த மகத்தான வெற்றியைக் கருத்தில் கொண்டு, இனி எல்லாப் படங்களும் இதே குடவோலை முறையில்தான் எடுக்கப்படும் என்று மேடையிலேயே உத்தரவாயிற்று.

மறுநாள் டாக்டர் மாத்திரை எழுதப் போனார். பார்த்திபன் தடுத்தார்.

"அரசே பழுதில்லை என்று சொன்ன இதயத்துக்கு அரசே மருந்து கொடுத்தால், அரசு பொய் சொன்னதாகாதா?"

பவளத்துக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அந்தக் காயிதத்தக் கரச்சி வாயில ஊத்துனா இந்த ஆளு பொயப்பாரா? சொல்லுய்யா!"

ஹேமாவதி பார்த்திபன் பக்கம் திரும்பினார். "சார், இது அரசு விருது வாங்கின இதயம். பராமரிக்காம விட்டுட்டா மேலிடத்துல கேப்பாங்களே?"

பார்த்திபன் திடுக்கிட்டார். பராமரிப்பா? அதற்குத் தாராளமாக விதி இருந்தது. கன்னியப்பனுக்குப் பராமரிப்பு மாத்திரை, பராமரிப்பு ஊசி எல்லாம் நடந்தன. கார்த்திகைக்குள் படை கலைந்தது, வீக்கம் வடிந்தது, மூச்சு நேராயிற்று. விருது பெற்றவர் சும்மா இருக்கலாமா என்று, பானையைக் காக்கும் நெஞ்சு வாரியத்துக்கு அவரையே தலைவராக்கினார்கள். மெஷினைத் தொடும் அதிகாரமும் அவர் கைக்குப் போயிற்று. ஏ.சி. அறையில் ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து பார்த்த பிறகு கன்னியப்பனுக்குக் கழனி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் பார்த்திபன் வந்தார். சட்டை நனைந்திருந்தது. கை நெஞ்சில் இருந்தது.

"கன்னியப்பன்... மூச்சு முட்டுகிறது. நெஞ்சைப் பிசைகிறது. ஒரே ஒரு படம்..."

கன்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நோவு கீதுன்னு தெரிஞ்சிபோச்சே சார். அப்பால படம் இன்னாத்துக்கு?"

பார்த்திபனின் கை சட்டென்று கீழே இறங்கியது. "நோவா? எனக்கா? பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்பிடிச் சொல்லுங்க. நல்லா கீறவங்களுக்கு இன்னா அவசரம்? பேர எழுதிப் பானையில போட்டுட்டு வெளிய குந்துங்க."

சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்ற பவளம் புருஷனையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த மூஞ்சிதான். ஆனாலும் யாரோ மாதிரி இருந்தது. பிறகு தூக்கைக் கொடுக்காமல் விறுவிறுவென்று டாக்டர் அறைப் பக்கம் போனாள்.

வெளியே வெயிலில், கல்லுக்குண்டாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள் வரிசையாக இளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நகர்ந்து பார்த்திபனுக்கு இடம் விட்டார்.

"நல்லா... கீறீங்களா... சார்?"

"நன்றாக... இருக்கிறேன்... நீங்கள்?"

"எனுக்கு... இன்னா... குறச்சல்?"