சாக்லேட் பெட்டியில் ஓட்டை

"பெட்டி இன்னிக்கும் ரெண்டு குடுத்துச்சு மாப்பிள்ளை," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார் மாமனார். குரலில் வருத்தம் துளியும் இல்லை.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. பிளாக்செயின் என்னும் அழிக்க முடியாத கணினிப் பேரேட்டில் ஏற்றப்போகும் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளில், அதாவது தானே இயங்கும் ஒப்பந்த நிரல்களில், திருடன் நுழைய ஓட்டை இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. ஒருமுறை ஏற்றிவிட்டால், எழுதியவனே வந்து அழுதாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அப்பேர்ப்பட்டவர் தன் கையால் எழுதிய கான்ட்ராக்டிலேயே ஓட்டை!

மாமனாருக்கு ஒரு நாளைக்கு ஒரு துண்டு சாக்லேட்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இந்த மாதமும் சுகர் இறங்காவிட்டால் தினமும் ஊசி. ஊசி என்றாலே மாமனாருக்கு உயிர் போய்விடும். அதனால்தான், பொத்தானை அழுத்தினால் ஒரு துண்டு தரும் பெட்டிக்கு மின்பூட்டு மாட்டி, பூட்டை ஒரு கான்ட்ராக்டிடம் ஒப்படைத்திருந்தார் மாப்பிள்ளை.

"சாக்லேட்டே வாங்காம இருந்தா என்ன?" என்றாள் மனைவி.

"அது தீர்வு இல்ல. தோல்வி."

ஓட்டை அகப்பட்டது. ஒன்று கொடுத்ததைப் பெட்டி குறித்துக்கொள்வதற்குள் மறுபடி பொத்தானை அழுத்தினால் இன்னொன்று வந்துவிடும்.

"இதை எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"கை நடுங்குது மாப்பிள்ளை. ரெண்டு தடவை பட்டுடுச்சு."

அடுத்த கான்ட்ராக்டில், மனைவி போனில் சம்மதித்தால்தான் பெட்டி திறக்கும். அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே, 'திறக்கலாமா?' என்று பெட்டியிடமிருந்து வந்த மூன்று கேள்விகளுக்கும் படிக்காமலே 'சரி' என்று தட்டினாள்.

மூன்றாவது கான்ட்ராக்ட் யாரையும் நம்பவில்லை. பொத்தானில் விரல் நடுங்கினாலே மாமனாருக்கு ஒரு வாரம் பூட்டு.

"போதும் மாப்பிள்ளை, ஆசையே விட்டுப்போச்சு," என்று மாமனார் ஒதுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை நம்பவில்லை. சத்தம் போடாத திருடன்தான் ஆபத்தானவன் என்பது அவர் அனுபவம். ஒவ்வொரு புதுக் கான்ட்ராக்டையும் நாற்பது தடவையாவது சோதித்தார். சோதனையில் வெளியே வந்த துண்டைத் திரும்ப உள்ளே வைக்கக் கான்ட்ராக்டில் இடமில்லை. மேஜையில் விட்டால் மாமனார் கண்ணில் படும். பொறுப்போடு உடனுக்குடன் அப்புறப்படுத்தினார்.

"மூணாவது சாக்லேட் டப்பாவும் காலி. அப்பாதானா?" என்று மனைவி கண் கலங்கினாள். "நாளைக்கு சுகர் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போங்க. போறதுதான் போறீங்க, நீங்களும் குடுத்துட்டு வாங்க."

மறுநாள் மாலை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுன்ட்டர் பெண் ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சுகர் ஏகத்துக்கு ஏறியிருக்கே! உடனே டாக்டரைப் பாருங்க."

மாமனார் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் தொடவே இல்ல மாப்பிள்ளை!"

அவரைப் பார்க்க மாப்பிள்ளைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தொழில் கௌரவம் விடவில்லை.

"இன்னும் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு மாமா. அது எதுன்னு கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன்."

கவுன்ட்டர் பெண் காகிதத்தை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினாள்.

"பெரியவருக்கு நார்மல் சார். இது உங்களுது."