கொதிக்க வைத்த புளிப்பு

ஒரு காட்டில், மற்ற மிருகங்களெல்லாம் குளிக்காமலே சந்தோஷமாக இருந்தபோது, சடையப்பன் என்ற கரடி மட்டும் வெந்நீரில் கழுவாத எதையும் தொடாமல் வாழ்ந்துவந்தது. அந்தச் சுத்தத்தால்தான் அது வீட்டில் காய்ச்சும் பியர் ஒரு தடவைகூடக் கெட்டுப்போனதில்லை. மகள் செங்காந்தளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பானை காய்ச்சி, நுரை அடங்கவிட்டு, வடித்தும் வைத்துவிட்டது. தேன் நிறம், துளி கலங்கல் கிடையாது.

அப்போது பார்த்து, மாப்பிள்ளையின் அப்பாவான மலைக்கரடி போன் செய்தது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சம்பந்தி. எங்க பக்கம் பியர்னா புளிக்கணும். புளிக்காததைக் குடிச்சுட்டு நாங்க சம்பந்தம் பேசுறதில்லை."

செங்காந்தளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அன்று முழுக்க அவள் கறையான்கூடச் சாப்பிடவில்லை. பெற்ற மனம் கேட்குமா? சடையப்பன் பக்கத்துக் குகை நரியிடம் ஓடியது. நரி போனில் வீடியோ பார்த்தே எல்லா விஷயத்திலும் நிபுணர் ஆகியிருந்தது.

"இதுக்கா அண்ணே கவலை? புளிச்ச இட்லி மாவு ஒரு கரண்டி ஊத்தி மூடி வைங்க. அதுல இருக்குற கிருமி மிச்சத்தைப் பார்த்துக்கும்."

கிருமி என்றதும் சடையப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றியது. பியர் புளிக்கவில்லை. சில நாள் கழித்து இன்னொரு கரண்டி ஊற்றியது. அப்போதும் பியர் அசைந்துகொடுக்கவில்லை. நிபுணருக்கே சந்தேகம் வந்து, சம்பந்தி வருகிற அன்று காலையில் நேரில் வந்து பார்த்தது. அடுப்பில் மாவு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ அண்ணே, கொதிக்க வச்சா கிருமி செத்துப்போயிருமே!"

"பின்னே? உசிரோட இருக்குற கிருமியையா வீடு தேடி வர்ற சம்பந்திக்குக் கொடுக்கச் சொல்றே?"

இதற்கு நரி எந்த வீடியோவும் பார்த்திருக்கவில்லை.

வாசலில் சம்பந்திகள் வந்துவிட்டார்கள். சடையப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. செங்காந்தள் யாரையும் கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போனாள். ஒரு பெரிய உருண்டைப் புளியை எடுத்து, கழுவாத கையாலேயே பானைக்குள் கரைத்தாள். சடையப்பன் தடுக்க ஓடியது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்ததும் தானே ஒரு கரண்டியை எடுத்து நீட்டியது.

மலைக்கரடி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடியது.

"புளிப்பு சரியா இருக்கு," என்றது. "பெருங்காயம்தான் கொஞ்சம் கம்மி. சாதம் இருக்கா?"

மூன்று தடவை பிசைந்து சாப்பிட்ட பிறகு கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். சடையப்பனின் கைப்பக்குவத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள். அது கொல்லைப்பக்கம் போய், காலிப் பானையை வெந்நீர் ஊற்றிக் கழுவியபடி கொஞ்ச நேரம் அழுதது.

நீதி: நல்ல பியரைத் தனியாளாகவே காய்ச்சிவிடலாம், அதைக் கெடுக்கத்தான் குடும்பம் வேண்டும்.