மேலே ஒரு சாண் நெல்

உக்கிரபாண்டிக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

காசிமாயன் டீக்கடை பெஞ்சு. கையில் ‘வைகைச்சுடர்’ வாரப் பத்திரிகை. தொடர்கதையின் நடுவில் நாலு வரி அவரை முறைத்துப் பார்த்தது.

‘பண்ணையார் கதவைத் தாழிட்டார். நெல் குலுக்கைக்குள் கழுத்துமட்டும் உமியைக் கொட்டினார். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு நெல்லைப் பரப்பினார். இனி எந்தச் சம்பந்தியும் வந்து பார்க்கட்டும்!’

போன மாதம் அவர் வீட்டில், அவர் கதவைத் தாழிட்டு, அவர் செய்த காரியம் அல்லவா இது!

கிணறு வற்றி மூன்று வருஷம். நிலம் பாதி கைமாறிவிட்டது. ஆனாலும் வீட்டுக்குள் நிற்கும் அந்த ஆளுயர நெற்குதிரால், செக்கானூரணி வட்டாரத்தில் இன்னும் ‘குலுக்கை வீடு’ என்றுதான் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் கருமாத்தூர் நல்லகாமன், தன் மகனுக்கு இவர் மகள் அன்னக்கொடியைக் கேட்டு வெள்ளிக்கிழமை வருகிறார். வீட்டில் நாலு குலுக்கை வைத்திருக்கிற பெரிய கை. பெண் முகத்தைப் பார்க்கும் முன் குலுக்கைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரு பிடிக்கு ஒரு சாண் தாராளம் என்று நினைத்திருந்தார் உக்கிரபாண்டி.

“காசிமாயா, இந்தப் புக்கு இன்னும் எத்தன இருக்கு?”

“ஆறு இருக்குண்ணே.”

“ஆறையும் குடு.”

காசிமாயன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். “ஏண்ணே, ஓசியில படிச்சிட்டு மடிச்சு வச்சிட்டுப் போற ஆளு நீங்க...”

“குடுறான்னா!”

ஆறையும் அடுப்பில் போட்டுவிட்டு மனைவியைப் பிடித்தார். “ஏய் ஒச்சாயி, யார்கிட்டடி சொன்ன?”

“நான் எதுக்குச் சொல்றேன்? நீங்கதான் தூக்கத்துல உமி உமின்னு ஒளறுறீக. உமிய அள்ளியாந்தது யாரு? அவனப் போய்க் கேளுங்க.”

அள்ளி வந்தது சின்னக்கருப்பன். ஒரு காலத்தில் இவர் வயலில் நாத்து நட்டவன். இப்போது சொந்தமாக ரெண்டு ஏக்கர், ஒரு பம்புசெட்டு, வாடகைக்கு ஒரு வண்டி.

மறுநாள் காலை உக்கிரபாண்டி போனபோது, பம்புசெட்டுத் தொட்டியில் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

“ஏண்டா, என் குலுக்கையில உமி கெடக்குன்னு பத்திரிகைக்காரன்ட்ட சொன்னியா?”

சின்னக்கருப்பன் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கவில்லை. “குலுக்கையிலயா? செங்கச் சூளைக்குன்னுதானண்ணே சொன்னீக! ஆத்தி... எனக்கே இப்பத்தான் தெரியும்!”

தொட்டியில் குளித்த நாலு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ‘அய்யா’ எப்போது ‘அண்ணே’ ஆனது என்று அதிரக்கூட உக்கிரபாண்டிக்கு நேரமில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் கூட்டம். காசிமாயன் மதுரைக்கு ஆள்விட்டு முப்பது புத்தகம் வரவழைத்திருந்தான். “உக்கிரபாண்டியண்ணே காசு குடுத்து ஆறு வாங்குனாருன்னா, உள்ள என்னமோ இருக்கப்பா!” எழுத்துக் கூட்டிப் படிப்பவனைச் சுற்றி எட்டுப் பேர்.

பொழுது சாய்வதற்குள் ஊரே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டு இருளாயி நாழி நெல் கேட்டாள்.

“அளந்து தாரேன்” என்றாள் ஒச்சாயி.

“ஒனக்கு எதுக்குத்தா செரமம்? நானே குலுக்கையில கைய விட்டு அள்ளிக்கிறேன்” என்று முழங்கை வரை வளையலை ஏற்றினாள் இருளாயி.

ஒச்சாயி குலுக்கையைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டாள். உள்ளே அன்னக்கொடி அழும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை. விடிந்தால் சம்பந்தி. உக்கிரபாண்டி முதல் பஸ் பிடித்து, பழங்காநத்தத்தில் இறங்கினார். ‘வைகைச்சுடர்’ ஆபீஸ் மாடியில் இருந்தது. ‘இது உக்கிரபாண்டி வீட்டுக் கதை அல்ல’ என்று கொட்டை எழுத்தில் போடாமல் இறங்குவதில்லை என்ற வைராக்கியத்துடன் படியேறினார்.

“எவன்டா அந்தக் கதை எழுதுனவன்? என் வீட்டு உமியப் பத்தி அவனுக்கு எவன்டா சொன்னது? எனக்கு ஆள் தெரிஞ்சாகணும்!”

டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆபீஸ் பையன்... பையன் என்ன, அறுபது வயதுச் சுருளி, தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

“சத்தம் போடாம அந்தப் பெஞ்சுல உக்காருங்கண்ணே, இந்த வாரத்துக்கு நீங்க பதினேழாவது ஆளு, பதினாறாவதா வந்த கருமாத்தூரு நல்லகாமன், ‘என் வீட்டு நாலு குலுக்கையிலயும் உமிதான்னு எவன்டா சொன்னது’ன்னு உள்ள ஆசிரியர் கையப் பிடிச்சு அழுதுக்கிட்டிருக்காரு!”