தட்டு நீட்டும்போது எழுந்து போனது பற்றி

பட்டாபிராம்,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி பூபாலன் அவர்களுக்கு, கஜபதி வணக்கத்துடன் எழுதுவது. ஐயப்பன்தாங்கலில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை பிரசன்னாவும் நலமென்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை. காரணம் நான்.

நேற்று நிச்சயதார்த்தத்தில் தாங்கள் தாம்பூலத் தட்டை நீட்டிய நேரத்தில் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பெண்ணின் அப்பா தட்டை வாங்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். திரும்பி வந்தபோது தட்டு பாயில் இருந்தது, தாங்கள் இல்லை. சாப்பிடாமலே கிளம்பிவிட்டீர்கள் என்றார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை. மகள் பவ்யா என்னோடு பேசுவதில்லை. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரையால் பாதத்தில் நரம்பு எரிச்சல். மிளகாய்ப் பொடிமேல் நடப்பதுபோல் இருக்கும். டாக்டர் ரேவதி மாத்திரை கொடுத்தார், எரிச்சல் அடங்கியது. வகுப்பில் முதல் பெஞ்சை அதட்டினால் கடைசி பெஞ்சும் வாயை மூடிக்கொள்ளும் அல்லவா, அதுபோல நரம்போடு சேர்ந்து குடலும் அடங்கிவிட்டது. வயிறு கல். மாத்திரையை நானாகவே நிறுத்தினேன், மறுபடி மிளகாய்ப் பொடி. டாக்டரிடம் போனால், "நீங்களா நிறுத்தக் கூடாது சார். தண்ணி நிறைய குடிங்க, கீரை சாப்பிடுங்க, நடங்க. அப்பவும் சரியாகலன்னா அளவை மாத்தலாம்" என்றார். பொறுத்திருக்கலாம். நிச்சயதார்த்தம் நெருங்குகிறதே என்ற பயம். கீழ்வீட்டு துலுக்கானம் சனிக்கிழமை காலை படியில் என்னை மறித்து, "இன்னா வாத்தியாரே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். சொன்னேன். "இதுக்கா பயந்துகினு கீற? ரெண்டு ஸ்பூன் வெளக்கெண்ண உடு, நாளைக்கு நீ ராஜா" என்று அவரே ஊற்றிவிட்டார். மத்தியானம் வரை ராஜாவாகவில்லை. என் மனைவி பஞ்சவர்ணம் கடுக்காய்ப் பொடி கலக்கிக் கொடுத்தாள். எண்ணெய் குடித்ததைச் சொன்னால் திட்டுவாளே என்று அதையும் குடித்தேன். சாயங்காலம் பவ்யா மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கி வந்தாள். பெற்ற பெண் ஆசையாக நீட்டும்போது எப்படி மறுப்பது? ஒரே கணக்கை மூன்று பேரிடம் கொடுத்து, வந்த மூன்று விடைகளையும் கூட்டிய மக்குப் பையன் நான்தான். ஞாயிறு காலை ஒன்றும் ஆகவில்லை. நிச்சயப் பத்திரிகை வாசிக்கும்போதும் ஆகவில்லை. தாங்கள் தட்டைத் தூக்கினீர்கள், மூன்று விடையும் சேர்ந்து வந்தது. ஒரு நிமிஷம்னு சொல்லக்கூட பயம், வாயத் தொறந்தா வேற எதெல்லாம் தொறக்குமோ யாரு கண்டா.

உள்ளே இருக்கும்போது, "பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்ல போல" என்று யாரோ சொன்னது கேட்டது. "இஷ்டந்தான், இஷ்டந்தான்" என்று உள்ளிருந்தே கத்தினேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

என் வயிறு செய்ததற்கு என் மகளைத் தண்டித்துவிடாதீர்கள். ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள், நானே தட்டோடு தங்கள் வீட்டுக்கு வருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளை நூறாண்டு வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
கஜபதி

பி.கு.: இதை மடிக்கும்போது சம்பந்தியம்மா பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்தார். கழுத்து நரம்புக்குத் தாங்களும் மாத்திரை சாப்பிடுகிறீர்களாம், அது என்னுடையதற்கு நேர் எதிராக வேலை செய்கிறதாம். நான் எழுந்திராவிட்டால் தட்டைப் போட்டுவிட்டுத் தாங்களே எழுந்திருப்பீர்களாம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கழிவறை, அதில் நான். அதனால்தான் ஓடினீர்களாம், வெட்கத்தில்தான் போனை எடுக்கவில்லையாம். மேலே எழுதியதைத் தாங்கள் படிக்கவே வேண்டாம். கல்யாண மண்டபம் பேசும்போது, மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கழிவறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.