நாக்கில் வைக்காமல் காய்ச்சிய பீர்

தாமிரபரணித் தண்ணீரில் பீர் காய்ச்சியவர்களிலேயே அதில் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதவர் குசினி அண்ணாச்சி ஒருவர்தான். காய்ச்சியவரே அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

முதல் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்கள். பாளையங்கோட்டையில் வாய்க்கால் இஞ்சினியர் துரை ஒருவரின் பங்களாவில் அவர் சமையல்காரர், நான் குமாஸ்தா. துரைக்கு வீட்டிலேயே காய்ச்சின பீர் வேண்டும். மால்ட் என்ற முளைகட்டி உலர்த்திய பார்லியும், கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் என்ற உலர்ந்த பூவும் தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து இறங்கின. அண்ணாச்சியோ மதுவைத் தொடமாட்டேன் என்று வேதக்கோயிலில் சபை முன்னால் சத்தியம் செய்தவர். அதனால் மூக்கை மட்டும் நம்பிக் காய்ச்சினார்.

ரசத்துக்கு மல்லித்தழை போடுகிற மாதிரி, இறக்கும்போது பூவை மொத்தமாகப் போட்டார். பங்களா முழுக்க மணந்தது. துரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “பானகம்” என்றார். அவருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் அதுவும் ஒன்று.

அடுத்த பானையில், கொதி வந்ததுமே பூவெல்லாம் உள்ளே. ஒரு மணி நேரக் கொதியில் வாசனை ஆவியோடு போய், வேப்பங்கஷாயம் மிஞ்சியது. பண்டிகை விருந்துக்கும் இப்படி வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று துரை சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு மூன்று பெண்கள், குடியிருப்பே பங்களாவின் பின்கட்டில்தான்.

“நான் ருசி பாத்துச் சொல்லுதேன், அண்ணாச்சி.”

“ஒம்ம நாக்க நம்பியா வே? கொழம்புல உப்பு சரியான்னு கேட்டா, பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டுல்லா சொல்லுவீரு.”

கடைசியில் வெறும் தண்ணீரில் பூவைக் கொதிக்கவிட்டு அதை ருசி பார்த்தார். “வெந்நீருல ஏது வே பாவம்?” குசினியில் கடிகாரம் கிடையாது. ஒரு கீர்த்தனை பாடி முடித்தால் ஒரு கரண்டி. பாட்டு ஏற ஏறக் கசப்பு ஏறியது, வாசனை குறைந்தது. தெருவில் போன பாதிரி ஐயர் வேலியோரம் நின்று பன்னிரண்டு கீர்த்தனையையும் கேட்டு உருகிப்போனார்.

“கசப்புக்கு வேகணும், வாசனைக்கு வேகக் கூடாது. பாதிப் பூவ மொதல்ல போடணும், மீதிய எறக்கையில போடணும். இம்புட்டுத்தான் வே.”

பண்டிகை மத்தியானம் துரை குடித்தார். இன்னொரு குவளை கேட்டார். பிறகு ஒரு குவளையை நிரப்பி அண்ணாச்சியிடமே நீட்டி, குடிக்கச் சொன்னார். மறுத்தால் துரைக்கு அவமானம், குடித்தால் சத்தியம் போச்சு.

அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மோந்தார். “தொர முன்னால குடிக்கது மரியாத இல்லங்க” என்று குனிந்து சொல்லிவிட்டு, குசினிக்குள் வந்து குவளையை என் கையில் திணித்தார்.

நான் எந்தச் சத்தியமும் செய்தவனில்லை. குடித்தேன்.

“எப்படி வே இருக்கு? கசப்பு முந்தி வருதா, வாசன முந்தி வருதா?”

சொன்னேன். திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. நானாகவே, முதல் மடக்கிலிருந்து, பையச் சொன்னேன்.